பாசிமலைக் காட்டுப் பாதையில் நடந்து போங்கள்

நுவரெலியாவுக்குப் போய் ஏரியில் படகு விட்டு, குதிரைப் பந்தயம் பார்த்து, வரும்போது ஒரு கூடை முட்டைக்கோஸ் வாங்கி வந்தவர்கள் எழுதிய கட்டுரைகள் போதுமான அளவு வந்துவிட்டன. இது அந்த வகை இல்லை. நான் போன இடத்தில் ஏரி கிடையாது, பங்களா கிடையாது, குளிருக்கு அடக்கமான ஓட்டலும் கிடையாது. ஒரு காடு இருக்கிறது. அதைக் காடு என்று சொல்வதற்கு இன்னும் முப்பது வருடம் ஆகும். அதற்குள் ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. அந்தப் பாதையை மூடப் பார்க்கிறார்கள். மூடக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அவசரக்காரர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய் வழிச்செலவைப் பார்த்துக்கொண்டு கிளம்பலாம்.

போன மாசி மாதம் நான் பாசிமலைக்குப் போனது உல்லாசத்துக்கு அல்ல. கொட்டகலை பஜாரில் பிறந்து, கொழும்பில் நில அளவை படித்து, ஒரு இலாகாவில் ஒரு வருட ஒப்பந்தத்தில் தற்காலிக அளவை உதவியாளனாக இருந்தேன். பாசிமலைத் தோட்டத்துக்கு மேலே உள்ள காப்புக் காட்டில் ஒரு சரிவை உலக யுத்த காலத்தில் விறகுக்காக மொட்டையடித்துவிட்டார்கள். கீழே ஊற்று வற்றத் தொடங்கிய பிறகுதான் புத்தி வந்தது. சில வருடங்களுக்கு முன் அந்தச் சரிவில் அந்த மலைக்கே உரிய காட்டு மரக் கன்றுகளை நட்டார்கள். எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது, தானாக முளைத்தது எவ்வளவு, ஊற்றில் நீர் கூடியதா குறைந்ததா என்று வருடா வருடம் ஒருவன் போய் அளக்க வேண்டும். இந்த வருடம் அந்த ஒருவன் நான்.

கண்டியிலிருந்து காலை ரயில், மூன்றாம் வகுப்பு. தலவாக்கலையில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கிருந்து லிந்துலைக்கு அரசாங்க பஸ், இருபது சதம். என் அளவைச் சங்கிலிக்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர். "அதுக்கு உட்கார இடம் குடுங்க, எடுக்கிறேன்" என்றேன். இடம் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

லிந்துலையில் ஹனிபா நானாவின் தேத்தண்ணிக் கடையில் கட்டாயம் நில்லுங்கள். அதற்கு மேல் மூன்று மைலுக்குச் சாப்பிட ஒன்றும் கிடைக்காது. ரொட்டியும் கட்டச் சம்பலும் நன்றாக இருக்கும். பால் தேத்தண்ணி சுமார். நான் சுமார் என்று வாய்விட்டே சொன்னேன்.

"பாலில் தண்ணி இருக்கே நானா."

"காட்டு ஊத்துத் தண்ணி தம்பி, மருந்து மாதிரி. அதுக்குத் தனியா காசு வாங்குறேனா?" என்றார். பிறகு என் சங்கிலியையும் பையில் இருந்த சின்னக் கொடிகளையும் பார்த்துவிட்டு முகம் மாறியது. "காட்டு இலாகாவா? ராமாயி மாட்டைப் புடிக்க வந்தீங்களோ?"

மாடு என்ன, ராமாயி யார் என்று எனக்குத் தெரியாது. நானா சொன்னார். பாசிமலையின் மேற்கணக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவு, மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் லிந்துலைக்கு வண்டிப் பாதையில் சுற்றி வந்தால் ஒன்பது மைல். காட்டைக் குறுக்கே வெட்டி வரும் பாதையில் மூன்று மைல். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு, நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு, ராமாயி பால் கேனோடு நானாவின் கடைக்கு, எல்லாம் அதே பாதைதான். கன்றுகள் சாவதற்கு அந்தப் பாதையும் அதில் வரும் மாடுகளும்தான் காரணம் என்று காட்டு இலாகா ரேஞ்சர் எழுதப் போகிறாராம். எழுதியதும் பாதைக்குக் கேட், சுற்றிலும் முள்கம்பி.

"ராமாயி ஒன்பது மைல் சுத்தி வந்தா பால் தயிராத்தான் வரும். அப்புறம் லிந்துலையே வெறுந்தேத்தண்ணிதான் குடிக்கணும்" என்றார் நானா.

ரேஞ்சர் எழுதப் போகும் காரணத்துக்கு அடியில் கையெழுத்துப் போடப் போகிறவன் நான். அதை எனக்கு முன்பே லிந்துலை பஜார் தெரிந்து வைத்திருந்தது.

கடைக்குப் பின்னால் தேயிலை மலைக்குள் ஏறும் படியில்தான் பாதை தொடங்குகிறது. முதல் ஒரு மைல் தேயிலை. நல்ல ஏற்றம், மூச்சு வாங்கும். இரண்டு இடத்தில் தண்ணீர் குறுக்கே ஓடுகிறது, கல் போட்டிருக்கிறார்கள். பிறகு தேயிலை முடிந்து ஒரு எல்லைக் கல். அதைத் தாண்டினால் காப்புக் காடு. பழைய காடு ஒரு துண்டுதான் மிச்சம். குட்டையான மரங்கள், கிளை முழுக்கப் பாசி. அந்த இருட்டிலிருந்து வெளியே வந்ததும் சட்டென்று சரிவு திறக்கிறது. அங்கேதான் நான் நின்று, வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.

அவ்வளவு சுத்தமாக இருந்தது அந்தச் சரிவு.

தேயிலைத் தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். தேயிலை மலையில் புல் என்பது எதிரி. தேயிலையைத் தவிர எது முளைத்தாலும் சுரண்டியால் சுரண்டி எடுத்துவிடுவார்கள். புல்லு வெட்டுக்கு ஆட்களைக் கொந்தரப்பில் விடுவார்கள். கொந்தரப்பு என்றால் ஒப்பந்த வேலை. முளைக்குச்சி அடித்து எல்லை காட்டினால் அந்த எல்லைக்குள் சிவப்பு மண் தெரிய வேண்டும். அதுதான் நல்ல வேலை. இங்கே அந்த நல்ல வேலையைக் காட்டுக்குச் செய்து வைத்திருந்தார்கள். வரிசை வரிசையாகக் குச்சி, குச்சிக்கு ஒரு கன்று, கன்றில் முக்கால்வாசி கருகிச் செத்திருந்தது. நடுவில் ஒரு பெரணி இல்லை, ஒரு முள் இல்லை, ஒரு குறிஞ்சிப் புதர் இல்லை. தானாக முளைத்த காட்டுக் கன்று ஒன்று கூட இல்லை. காடு என்பது அந்தக் குப்பைதான் ஐயா! அந்தக் குப்பையைச் சுரண்டி எறிந்துவிட்டு, காடு ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள்.

சின்னையா கங்காணி எனக்காக அங்கே காத்திருந்தார். கொந்தரப்பு எடுத்தவர் அவர்தான். கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, பரிசு வாங்க வந்தவர் மாதிரி நின்றார்.

"ஒரு புல்லு காட்டுங்க தம்பி. ஒண்ணே ஒண்ணு. காட்டிட்டீங்கன்னா இந்தியாவுக்குக் கப்பல் ஏறிடறேன்."

"அதுதான் அண்ணே பிரச்சினை."

"எது?"

"ஒரு புல்லு கூட இல்லாததுதான்."

அவர் நான் கிண்டல் செய்வதாக நினைத்தார். ரேஞ்சர் ஐயா வந்து பார்த்து, தேயிலை மலை தோற்றுவிடும் என்று பாராட்டிவிட்டுப் போனாராம். நேற்று வந்த பையன் நான், குறை சொல்கிறேன். அன்றைக்கு அதற்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை பனி விழுந்திருந்தது. அந்த உயரத்தில் மாசியில் வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி இறங்கும். விடியும்போது சுண்ணாம்பு தூவினது மாதிரி இருக்கும். மேலே ஒரு புதரின் நிழல் கூட இல்லாத கன்றுகளின் மேல் அது நேரே இறங்கியிருந்தது. நுனி கறுத்து, இலை சுருண்டு, வெந்ததைப் போல இருந்தன. மாடு கடித்தால் தண்டு பிய்ந்து நார் தொங்கும். நுனி கறுக்காது. இது படிக்காதவனுக்கும் தெரியும். படித்தவன் குனிந்து பார்த்தால் அவனுக்கும் தெரியும்.

நான் பாதையை மையமாக வைத்து இரண்டு பக்கமும் குறுக்கே சங்கிலி போட்டு எண்ணினேன். மாடும் ஆளும்தான் காரணம் என்றால் பாதைக்குப் பக்கத்தில் அழிவு அதிகமாக இருக்க வேண்டும், தள்ளிப் போகப் போகக் குறைய வேண்டும். இது கணக்கு, இதில் யாருடைய அபிப்பிராயமும் கிடையாது. வந்தது நேர் தலைகீழ். பாதையை ஒட்டி இரண்டு பக்கமும் ஆறடி அகலத்தில் பெரணியும் குறிஞ்சியும் மண்டிக் கிடந்தன. அதற்குள் நட்ட கன்றுகள் என் இடுப்பு உயரம் வந்திருந்தன. நடாததும் முளைத்திருந்தது. அதைத் தாண்டிச் சிவப்பு மண் தொடங்கிய இடத்தில் சாவும் தொடங்கியது.

அந்த ஆறடியை மட்டும் ஏன் விட்டார்கள்? அந்த வழியாகப் பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த ராமாயியைக் கேட்டேன். நாற்பது வயதிருக்கும். முந்தைய நாள் சாயங்காலம் பாதையில் எதிர்ப்பட்டபோது என்னை மாடு பிடிக்கிறவன் என்றே நினைத்துக் கண்ணாலேயே எரித்தவர்.

"ஏன்னா அது கொந்தரப்புல இல்ல. குச்சி அடிச்சது பாதையில இருந்து ஆறடி தள்ளி. குச்சிக்கு வெளிய சுரண்டினா யாரு பேரு போடுவா?" என்றார். பேர் என்றால் ஒரு நாள் கூலி. "நாங்க என்ன காட்டுக்குத் தருமத்துக்கா மொட்டை அடிக்கிறோம்?"

"அப்போ மொட்டை அடிச்சது நீங்கதான்?"

"அடிச்சது நாங்க. அடிக்கச் சொன்னது யாரு? அவுங்களைக் கேக்க மாட்டீங்க. இப்ப எங்க மாடு தின்னுருச்சுங்கிறீங்க."

"நான் சொல்லல அக்கா. மாடு தின்னலைன்னு எழுதப் போறேன். புல்லு வெட்டுனதாலதான் செத்துச்சுன்னும் எழுதுவேன்."

கேனை இறக்கி வைத்துவிட்டார். "அப்ப புல்லு வெட்டை நிப்பாட்டிருவாங்க. எங்க பேரு? பாதையைக் குடுத்துட்டுப் பேரைப் புடுங்கிக்கிறீங்களா? நல்லா இருக்கு உங்க படிப்பு."

எனக்குக் கோபம் வந்தது. வெட்டுவதற்குப் பதிலாகப் பனி மாதங்களில் கன்றுகளுக்குப் பெரணி வெட்டி மூடும் வேலை, மழைக்கு மண் அரிக்காமல் கல் அடுக்கும் வேலை, இரண்டையும் அதே ஆட்களுக்கே கொடுக்கலாம் என்று அறிக்கையில் எழுதுவதாகச் சொன்னேன். "எழுதுங்க, எழுதுங்க" என்று கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நம்பவில்லை. நம்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

ஊற்றுப் பக்கம் நாலைந்து கன்றில் மாடு கடித்த அடையாளம் இருந்தது. அதையும் எழுதிக்கொண்டேன். இருந்ததை இல்லை என்று எழுத நான் யாருக்கும் கடன்படவில்லை, ராமாயிக்கும் இல்லை.

மூன்றாம் நாள் ரேஞ்சர் ஜீப்பில் வண்டிப் பாதையைச் சுற்றி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது என்று ஜீப்பை விட்டு இறங்கும்போதே சொன்னார். அறிக்கையைத் தட்டச்சு அடித்தே கொண்டு வந்திருந்தார். எண்ணிக்கை எழுத மட்டும் இடம் விட்டிருந்தது. காரணம் எழுதும் இடத்தில் ஏற்கனவே மனிதர் நடமாட்டம், கால்நடை என்று இருந்தது.

அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பாதையோரம் கூட்டிப் போய் அந்த ஆறடியைக் காட்டினேன். பெரணியை விலக்கிக் கன்றுகளைக் காட்டினேன். அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"தம்பி, நீர் எண்ணத்தான் வந்தனீர். ஏன் செத்ததெண்டு கேக்க உம்மை ஆர் அனுப்பினது?"

"எண்ணினாலே தெரியுதே ஐயா."

"துப்புரவாக்கச் சொல்லி ஓர்டர் போட்டது நான். அது பிழையெண்டு நானே எழுதவோ? இஞ்ச கையெழுத்தை வையும். பின்னேரத்துக்குள்ள நான் நுவரெலியா போகோணும்."

"வைக்க மாட்டேன்."

"உமக்கு ஒப்பந்தம் எப்ப முடியுது?"

"பங்குனிக் கடைசி."

"யோசியும்."

யோசிப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்திலேயே நான் கண்டதை எழுதி, வரைபடம் போட்டு, அதன் அடியில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். கிழித்தால் அவருடைய அறிக்கையும் சேர்ந்து கிழியும். அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது ஒன்று சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

"நுவரெலியா கச்சேரியில, அரசாங்க அதிபருக்கு முன்னால, விசாரணை வைக்கத்தான் போறம். பொதுசனம் பாவிக்கிற பாதையெண்டு காட்டினால் மூட ஏலாது, சட்டம் அப்பிடி. ஆனால் உந்தத் தோட்டத்து ஆக்கள் பொதுசனம் இல்லைத் தம்பி. பிரசாவுரிமை ஆருக்கு இருக்கு அதுக்குள்ள? தோட்டத்துக்குள்ள நடக்கிறது தோட்டத்து விஷயம்."

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பதினைந்து வருடம். கிடைத்த வருடமே தோட்டத்து ஆட்களை இந்தியாக்காரர்கள் என்று சொல்லிப் பிரசாவுரிமைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ராமாயி பிறந்தது பாசிமலை லயத்தில். அவர் அம்மாவும் அங்கேதான். தினமும் அந்தப் பாதையில் போய் வருகிறார். ஆனால் அவர் நடந்தால் அது நடமாட்டம். அழிவுக்குக் காரணம் என்று எழுத உதவும். பாதையைப் பாவிப்பவர் யார் என்று கேட்கும்போது மட்டும் அங்கே ஆளே கிடையாது! இந்தக் கணக்கை எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பங்குனியில் என் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. ஆகவே இதை எழுத எனக்கு இப்போது யாருடைய அனுமதியும் வேண்டாம்.

சித்திரை விடுமுறையில் சொந்தச் செலவில் மறுபடி போனேன். எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் கேட் வந்துவிட்டது. இரண்டு பெரிய மரத் தூண், இரும்புக் கதவு. விசாரணை முடியும் முன்பே போட்டுவிட்டார்கள். தூண் நட்ட கொந்தரப்பு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? அதே சின்னையா கங்காணிக்கு. என்னைக் கண்டதும் அவரே கூப்பிட்டார்.

"நீங்களா அண்ணே போட்டீங்க இதை?"

"கொந்தரப்பு எடுத்தா செய்யணுமில்ல? நல்ல உறுதியா நட்டிருக்கேன், ஆட்டிப் பாருங்க."

ஆட்டிப் பார்த்தேன். உறுதிதான். கதவைத் தள்ளினேன், சத்தமில்லாமல் திறந்துகொண்டது. எண்ணெய் போட்டிருந்தார்.

"பூட்டு எங்கே?"

"பூட்டு கொந்தரப்புல இல்ல தம்பி. தூணு, கதவு, கீலு. அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு. எழுதாததை நாம எப்படிச் செய்யிறது?" என்று முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னார். பிறகு சரிவைப் பார்த்தபடி, "இந்தத் தடவை புல்லு வெட்டுக்கு இன்னும் ஓர்டர் வரலை. நானும் போய்க் கேக்கலை" என்றார். சிவப்பு மண்ணில் அங்கங்கே பச்சை தெரிந்தது. ஒரு தேயிலைக் கங்காணிக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இந்தியாவுக்குக் கப்பல் ஏறவில்லையா என்று நான் கேட்கவில்லை.

அந்த நேரம் ராமாயி பால் கேனோடு வந்தார். கதவை இடுப்பால் தள்ளித் திறந்துகொண்டு, "என்னா தம்பி, வேலை போயிருச்சாமே?" என்றார்.

"போயிருச்சு அக்கா."

"நல்ல படிப்புதான். எங்க புள்ளைங்களையும் படிக்க வைக்கிறோம், பாருங்க. பள்ளிக்கூடத்துக்குப் போக வழி இருந்தா." நிற்காமல் இறங்கிப் போனார்.

கச்சேரி விசாரணை ஆடிக் கடைசியில். தோட்ட ஆபீஸ் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. பூட்டு எந்த நேரமும் வரலாம்; கடையில் கிடைக்காத பொருள் அல்ல.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

தலவாக்கலை வரை ரயில். அங்கிருந்து லிந்துலைக்கு பஸ், இருபது சதம். பஸ் தவறினால் நடந்தே போகலாம், தூரமில்லை. ஹனிபா நானா கடையில் ரொட்டி கட்டிக்கொள்ளுங்கள். பாதையில் மேற்கணக்கு வரை மூன்று மைல், ஏற இரண்டு மணி நேரம், இறங்க ஒன்றே கால். வசதியான காலம் தை முதல் பங்குனி வரை. ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள், ஆடிக்குள் போங்கள். மழை பெய்யும். அட்டை கடிக்கும். சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டால் கொஞ்சம் தாங்கும், முழுக்கத் தாங்காது. கடிக்கட்டும். பாதையை விட்டுக் கால் வைக்காதீர்கள், இரண்டு பக்கமும் கன்றுகள் இருக்கின்றன. பூப் பறிக்காதீர்கள். குப்பையென்று தெரிவதை எடுத்துச் சுத்தம் பண்ணித் தொலைக்காதீர்கள்.

யாராவது நிறுத்தி, இது யாருடைய வழி என்று கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். உங்கள் பெயர், ஊர், நீங்கள் இந்த நாட்டின் பிரஜை என்பது, மூன்றையும் சொல்லிவிட்டு நடங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு தபாலட்டையில், இன்ன தேதி இந்தப் பாதையில் நடந்தேன் என்று எழுதி நுவரெலியா கச்சேரிக்குப் போடுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம், வர்ணனை வேண்டாம். நீங்கள் ஒருமுறை நடந்தால் பொதுசனம். அங்கே தினமும் நடக்கிறவர்களை அப்படிக் கூப்பிட இந்த நாட்டுக்கு மனம் வரும்வரை, கதவைத் தள்ளித் திறந்துகொண்டு அவர்களோடு நடந்துகொண்டே இருங்கள்.